பீங்கான் காசுக்கு விட்ட இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறோம். அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடட்டுமா, திரும்பி வந்துவிடட்டுமா என்று போன வாரம் கேட்டாயே, அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, அந்த நாட்டுச் செல்லாக்காசையெல்லாம் பிள்ளை கையில் கொடுத்துப் பழக்கினது யாராம், இப்போ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டா ஆச்சா என்று கேட்டாள். நியாயம்தான்.

மழை விட்டதால் நேற்று நான் சேர்த்து வைத்த பழங்காசுத் தட்டுகளை இறக்கித் துடைத்தேன். இரும்புக் காசுகளில் நாலைந்து துருப்பிடித்திருக்கின்றன, துத்தநாகம் சாம்பல் பூத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் காந்தத்தை எடுத்துக்கொண்டு உட்கார்வாய், ஒட்டுவது இரும்பு, ஒட்டாதது துத்தநாகம் என்று நீயே பிரித்து வைப்பாய். முதல் உலகப் போர் வந்து நல்ல உலோகமெல்லாம் போனபின் ஜெர்மனியில் ஊருக்கு ஊர் கிடைத்ததில் காசு அடித்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். அடுத்த ஊரில் அதற்கு ரொட்டி கிடைக்காதா என்று கேட்டாய், கிடைக்காது என்றதும் அந்தக் காசுக்காக அழுதாய். அகராதியை வைத்துக்கொண்டு அதன் எழுத்தைக் கூட்டிப் படித்ததுதான் நீ கற்ற முதல் ஜெர்மன். பீங்கானில் செய்த காசு மட்டும் நமக்குக் கிடைக்கவே இல்லை. அதற்கென்று தட்டில் விட்ட குழி காலியாகக் கிடந்தது உனக்குப் பொறுக்காமல், சீருடைக் கோட்டின் பழுப்புப் பொத்தானை அறுத்து அதில் வைத்து, நிஜக்காசு வர்ற வரைக்கும் இது இருக்கட்டும்ப்பா என்றாய். கோட்டுக்காக அம்மா நம் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

இப்போது அந்தக் காசு வந்துவிட்டது. கடிகாரக்கார மாமா கண் மங்கியதால் கடையை மூடுகிறார். தன்னிடம் இருந்ததை எத்தனையோ வருஷம் கேட்டும் கொடுக்காதவர் தானே கொண்டுவந்து, இந்தாய்யா, இனிமேலாவது என் உயிரை வாங்காதே என்றார். மேசைமேல் போட்டுக் காட்டினார், தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டினாற்போல் சத்தம். பொத்தானை எடுத்துவிட்டு அதை வைக்கப் போனேன், மனம் வரவில்லை. பின்னால் நின்ற அம்மா, "அது அங்கயே இருக்கட்டும். இத்தனை வருஷம் அதை வச்சுத்தானே ஒப்பேத்தினோம்" என்றாள். உன் கேள்விக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது.

நீ அங்கேயே இரு கண்ணு. நீ வந்தால் சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் எங்களுக்காக வராதே. பீங்கான் காசைப் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன், அது பிறந்த நாட்டில் உன்னிடம் இருக்கட்டும். மேசைமேல் வைத்துப் பிரி, விழுந்தால் உடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போனை மறக்காதே. நோய்நொடி இல்லாமல் மனம்போல் வாழ எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. பொத்தான் இங்கே பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா