கம்பனிக் கார்டும் உன் கார்டும்

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கம்பனிக் கார்டைக் கொடுத்தேன். உறையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசம். "மிஸ், அவசரம்னா நம்ம செலவுக்கு எடுத்துட்டு, பில் வர முன்ன கட்டிரலாம்தானே?" என்று கேட்டாள். விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான். அதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் கண்டியில் அந்த நிதிக் கம்பனியில் சேர்ந்தோம். நீ யாழ்ப்பாணம், நான் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டம். கொழும்புப் பயணங்களுக்கென்று இருவருக்கும் கம்பனிக் கார்டு கொடுத்தார்கள். உனக்குச் சொந்தக் கார்டும் இருந்தது. எனக்கு வங்கி தரவில்லை. முகவரிக்கு மின்சார பில் கேட்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு பில் தோட்டத்தின் பெயரில்தான் வரும். ஊருக்கெல்லாம் கடன் கொடுக்கிற இடத்தில் வேலை, எனக்குக் கடன் கொடுக்க ஆளில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

மூன்றாம் மாதம் ஒரு பகல், அம்மாவுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அண்ணன் பதறிப்போய், முதலில் கண்ட தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். முற்பணம் கட்டினால்தான் ஒப்பரேஷன் என்றார்கள். நீயும் என்னோடு ஓடிவந்தாய். என் கைப்பையில் இருந்தது கம்பனிக் கார்டு ஒன்றுதான். அதை நீட்டிய கையை நீ பிடித்துக்கொண்டாய்.

"சம்பளம் வந்ததும் கட்டிர்றேன்டி. யாருக்குத் தெரியப்போகுது?" என்று அழுதேன்.

"விசர்க்கதை கதைக்காதை. எங்கட பேருக்கு நேர இப்பிடியொரு செலவு விழுந்தா, ஆஸ்பத்திரிக்கெண்டு நம்புவாங்களே? காசு ஆருக்குப் போனதெண்டுதான் விசாரிப்பாங்கள்."

நீ சொன்னது மிகையில்லை. போர்க்காலம்; சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தினால், தமிழர் என்று முதலில் இறக்கப்பட்டவர்கள் நாம். மற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிகிற தவறு, நமக்குப் பொலிஸில் போய் நிற்கும். உன் சொந்தக் கார்டைக் கொடுத்தாய். அதில் எடுக்கக்கூடிய தொகை முழுவதும் போயிற்று. அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

நான் சிறுகச் சிறுக அடைத்தேன். அதற்குள் வடக்கில் சண்டை முற்றிவிட்டது. கண்டிக்கு வரப்போகிறார் என்று நீ சொல்லிக்கொண்டிருந்த உன் அம்மா வரவேயில்லை. அடுத்த வருடம் அங்கேயே இறந்துபோனார். அவவுக்கு வீட்டை விட்டுவர விருப்பமில்லை என்றாய். நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் உன் செத்தவீட்டில்தான் உன் தங்கச்சி சொன்னாள். யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். உன் அம்மாவை விமானத்தில் கூப்பிட, உன் சொந்தக் கார்டில்தான் நீ டிக்கெட் எடுக்க இருந்தாயாம். என் அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்த அதே வாரம்.

"அக்கா ஒருநாளும் அதைக் குறையாச் சொன்னதில்லை," என்றாள்.

உன்மேல் எனக்குக் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா? என் அம்மா உள்ளே துடித்துக்கொண்டிருந்தாள்; வாங்கித்தான் இருப்பேன். அது தெரிந்துதான் நீ சொல்லவில்லை.

அம்மா இப்போது கட்டுகஸ்தோட்டையில் என்னோடுதான் இருக்கிறாள். அந்தப் புள்ளைய ஒரு நாளைக்குச் சோத்துக்குக் கூட்டிட்டு வாயேன் என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். நீ இறந்ததையே இன்னும் சொல்லவில்லை. உன் அம்மாவைப் பற்றி எப்படிச் சொல்வேன்?