காசியம்மா உட்காரச் சொன்ன இடம்

டிச. 26, வெள்ளி

செங்கத்திலேயே பனி. மாடியில் போட்ட துணி மத்தியானம் வரை ஈரம். நாளை அமுதாவோடு ஜவ்வாது மலை ஏற்றம். பைக்குள்: குல்லா, பிஸ்கட், தண்ணீர், தைலம். ஷூவின் அடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. போகட்டும்.

என் லேபுக்கு அடுத்த தையல் கடைதான் அமுதாவுடையது. என்னைவிட எட்டு வயது சின்னவள். "ஒரு தடவ மேகத்துக்குள்ள நிக்கணும்க்கா" என்று ஒரு மாதமாக நச்சரிப்பு.

போன வருடம் வழிகாட்டிய காசியம்மாவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு மலைமேல் சாமைக்காடு. "காலையில பாறையெல்லாம் ஈரமா இருக்கும்க்கா. வெயில் வந்தாத்தான் கால் வெக்கலாம். அவசரப்படாதீங்க" என்றாள்.

டிச. 27, சனி. ஆஸ்பத்திரி வராந்தா, சாயங்காலம்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. புல் நனைந்து பேண்ட் முழங்கால் வரை ஈரம். விரல் மரத்துப் போனது. அமுதாவுக்கு ஒரே சிரிப்பு. வாயைத் திறந்து பனியைக் குடிக்கிறாளாம்.

வழி பாறைமேல் ஏறும் இடத்தில் காசியம்மா நின்றாள். "இங்கயே குந்துங்க. நான் முன்னாடி போய் பாத்துட்டு வர்றேன். கூப்புடற வரிக்கும் எழுந்துக்காதீங்க." போனாள். பனி அவளை மூடிக்கொண்டது.

ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்போம். எனக்குக் குளிர். எழுந்து பத்து அடி எடுத்து வைத்தேன். தட்டையாக, வெள்ளையாக, நல்ல வழி மாதிரி இருந்தது. "அமுதா, இங்க வா. வழி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

வந்தாள். எனக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பாறையில் கால் வைத்தாள். பாசி.

கத்தக்கூட இல்லை. அவள் தண்ணீர் பாட்டில் உருளும் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

காசியம்மா ஓடி வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, புல்லைப் பிடித்துக் கீழே இறங்கினாள். ஒரு மரத்தடியில் அமுதா மாட்டிக்கொண்டு கிடந்தாளாம். தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டு ஊர்ப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். நான் மேலே நின்றேன். நின்றேன், அவ்வளவுதான்.

ஆறு பேர் வந்தார்கள். இரண்டு மூங்கில், ஒரு கம்பளி. சுமந்து ரோட்டுக்கு வர மூன்று மணி நேரம். தொடை எலும்பு முறிவு, தலையில் அடி. உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர்.

அமுதாவின் கணவர் சேகர் ஓடி வந்தார். "எப்டிக்கா வுழுந்தா?"

"பனியில ஒண்ணும் தெரியல சேகர்."

"கூட வந்த பொம்பள இன்னா பண்ணிக்கினு இருந்தா?"

"அவ முன்னாடி போய்ட்டா."

நான்தான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

டிச. 28, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. விழித்தாள். மலையடியில் இட்லி தின்றதுவரைதான் நினைவிருக்கிறதாம். அதைக் கேட்டு எனக்குள் ஏதோ இளகியது. நிம்மதி. எனக்கா இப்படி?

சேகர் காபி வாங்கிக் கொடுத்தார். "நீங்க இல்லனா அவ அங்கயே போயிருப்பாக்கா. அந்தப் பொம்பள மேல நாளிக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். வுட்டுட்டுப் போறதுக்கா கூட்டினு போனா?"

காபியைக் குடித்தேன்.

மத்தியானம் காசியம்மா போன். "அவங்க கண்ணு தொறந்துட்டாங்களாக்கா? ரொம்ப வலிக்குதாமா?" அவ்வளவுதான் கேட்டாள். 'நீ ஏன் எழுந்தாய்' என்று கேட்கவே இல்லை. அவள் காலில் மூங்கில் முள் கிழித்து வீக்கமாம். வேறு ஏதோ பேச்சில் தெரிந்தது.

டிச. 29, திங்கள்

இங்கேயும் காலையில் பனி. சேகர் பைக் சாவியோடு கிளம்பி நின்றார். குறுக்கே போய் நின்றேன்.

"காசியம்மா எங்கள உக்காரச் சொல்லிட்டுத்தான் போனா. எழுந்தது நானு. அமுதாவ வான்னு கூப்ட்டதும் நான்தான்."

"நேத்து ஏன்க்கா சொல்லல?"

குறுக்கே நின்றவள் விலகினேன்.

"ரெண்டு நாளா உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லினு இருந்தேனே." சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஸ்டேஷனுக்கு இல்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே போய் அமுதாவிடமும் சொன்னேன். பாதியில் என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"தெரியும்க்கா. நேத்து சாயங்காலமே ஞாபகம் வந்துடுச்சி. உங்க குரல்தான் மொதல்ல வந்துச்சி."

"அவர்ட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கனு இருந்தேன்."

தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்தாள்.

"நாளைக்கு வரட்டுமா?"

"வேணாம்க்கா. கொஞ்ச நாளிக்கு வேணாம்."