அப்போதெல்லாம் வருவீர்கள்

பக்கத்து வீட்டுப் பெண் இன்று சாயங்காலம் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். வேப்பம்பட்டில் இப்போது நான் இருக்கும் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். எட்டாம் வகுப்பு. பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாளாம். "ஜு சுயி, து எ, இல் எ" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், அவன் இருக்கிறான். அரிசி களைந்துகொண்டிருந்த என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. 'நாங்கள்' என்ற இடத்தில் அவள் தடுக்கினாள். "நூ சோம்" என்று என் வாய் தானாக எடுத்துக் கொடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டிருக்காது.

நீங்களும் அந்த இடத்தில்தான் தடுக்குவீர்கள்.

பொன்னேரியில் சந்தைக்குப் பின்னால் நமக்கு ஒரு அறையும் சமையல்கட்டும் இருந்தன. எழுபதுகளின் தொடக்கம். நீங்கள் எண்ணூர்ப் பக்கம் புதிதாக எழும்பிய தொழிற்சாலையில் ஃபிட்டர். பழவேற்காட்டு ஏரியில் வலை போட்ட குடும்பத்திலிருந்து தொழிற்பயிற்சி முடித்து வந்த முதல் ஆள். எனக்குப் பத்தாவது தேறிய படிப்பு, கல்யாணமாகி ஒரு வருஷம். ஒரு நாள் ரயிலிலிருந்து இறங்கி ஓட்டமாக வந்தீர்கள். சட்டையெல்லாம் கிரீஸ்.

"மே, மிஷினு எல்லாம் பிரான்சுலேர்ந்து வருது. அத்தக் கத்துக்க ரெண்டு பேர அங்கியே அனுப்பப் போறாங்களாம். பிரெஞ்சு பேச வந்தா போதுமாம்."

"உங்களுக்கு இங்கிலீஷே சரியா வராதேங்க."

"அதாம்மே விஷயம். இங்கிலீஷ்னா வேற எவனாவது முந்திக்குவான். இது எவனுக்குமே வராது. எல்லாருக்கும் ஒரே கோடு."

மிஷின்களோடு ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் வந்தார். அவருக்கு மொழிபெயர்க்கப் புதுச்சேரிக்காரர் ஒருவரைத் தொழிற்சாலை அமர்த்தியது. அவர்தான் ஷிப்டு முடிந்ததும் கேன்டீனில் உங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். புதுச்சேரி சார் என்பீர்கள். வார்த்தைகள் உங்களுக்குச் சுலபமாக வந்தன. நட்டு, போல்ட்டு, சக்கரம், எண்ணெய் எல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடம். வினைச்சொற்களில்தான் மாட்டிக்கொண்டீர்கள். ஒரே வினை ஆளுக்கு ஆள் மாறியது. காலத்துக்குக் காலம் மாறியது. ஒப்பிக்கும்போது எதிரே ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று என்னை உட்கார வைத்தீர்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கேட்டுக் கேட்டே எனக்கும் வந்தது.

'போ' என்ற வினையைப் படித்த அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. "நீ போறேன்னு சொல்றதுக்கு 'து வா'ன்றான் மே. அவன் போறான்னா 'இல் வா'வாம். போறவனப் பாத்து வா வான்னு கூப்டுகினே இருக்கானுங்க." புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பக்கத்துப் போர்ஷன் அம்மா, "இன்னா ஊட்ல ஒரே கூத்தா கீது" என்று எட்டிப் பார்த்தார்.

பிரெஞ்சில் 'து' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். நான் உங்களைப் பார்த்து வூ போட்டுத்தான் வாக்கியம் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள வூ கெடையாதாம். ரெண்டு பேரும் து தான். சாரு சொன்னாரு." எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்களை நீ என்று எப்படிச் சொல்வது? "தமிழ்ல சொல்லாத. அது பிரெஞ்சு தானே, எவனுக்குத் தெரியப் போவுது" என்றீர்கள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டு, "து மான்ஜ்?" என்று கேட்டேன். நீ சாப்பிடுகிறாயா? நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். உங்கள் காது சிவந்திருந்தது.

இறந்த காலத்துக்கு வந்தபோது இரண்டு பேருக்குமே தலை சுற்றியது. ஒரு முறை நடந்து முடிந்ததற்கு ஒரு வடிவமாம். வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு வேறு வடிவமாம். எதற்கு இரண்டு என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு காலையில், பல் துலக்கியபடியே வந்து சொன்னீர்கள்.

"எங்க நைனா நேத்து ஏரிக்குப் போனாருன்னா அது ஒண்ணு. அப்பல்லாம் எங்க நைனா விடியக்காலம் ஏரிக்குப் போவாரு, எறா கொண்டாருவாருன்னா அது ஒண்ணு. புரிதா?"

"போவாருன்னா நாளைக்குப் போவாருன்னும் அர்த்தம் வருதேங்க."

"நமக்கு ரெண்டும் ஒண்ணாவே கீது. அவனுங்க தனித்தனியா வச்சிக்கினு கீறானுங்க. போனா போனதுதான், திரும்ப நாளைக்குன்னு குழப்பமே இல்ல."

அதன்பிறகு அந்த வடிவத்தில் நான் தடுமாறவே இல்லை.

எஞ்சினியர் வைத்த தேர்வில் நீங்கள் தேறினீர்கள். அத்தை பழவேற்காட்டிலிருந்து ஒரு கூடை இறாலோடு வந்து இறங்கினார். தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "எம் புள்ள வெள்ளைக்காரன் ஊருக்குப் போறான்" என்றார். உங்களுக்குக் கம்பளிச் சட்டை வாங்க வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். அந்த வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து, கடைக்காரர் சிரிக்க, வியர்த்து வழிந்துகொண்டு நின்றீர்கள்.

வெளிநாடு போவதற்கு மருத்துவப் பரிசோதனை என்று மெட்ராஸ் வரச் சொன்னார்கள். நானும் வந்தேன். டாக்டர் உங்கள் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். "சின்ன வயசுல முட்டியெல்லாம் வீங்கி ஜுரம் வந்துச்சா?" என்று உங்களிடம் கேட்டார். வந்தது என்றீர்கள். ஏழெட்டு வயதில், தண்ணீரில் நின்றதால் வந்ததென்று அத்தை மஞ்சள் பற்றுப் போட்டாராம். அந்தக் காய்ச்சல் அப்போதே இதயத்தின் வால்வைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். உங்களுக்கு மூச்சு வாங்குவது ரயிலுக்கு ஓடுவதால் என்றுதான் நாம் நினைத்திருந்தோம்.

உங்களுக்குப் பதில் வேறொருவர் பிரான்சுக்குப் போனார். வழியனுப்ப நீங்களும் விமான நிலையம் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தீர்கள். அவர் அங்கே குளிரில் கஷ்டப்படுவாரே என்று அந்தக் கம்பளிச் சட்டையையும் கொடுத்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டுப் பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்தீர்கள்.

"இனிமே எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"பாதி கெணறு தாண்டிட்டு நிக்கச் சொல்றியா. உக்காரு மே."

அதற்குப் பிறகு படித்த மாதங்கள்தான் அதிகம். அவசரம் இல்லாமல் படித்தோம். புதுச்சேரி சார் அவ்வப்போது வீட்டுக்கே வந்து, காப்பி குடித்துவிட்டு, சந்தேகம் தீர்த்துவிட்டுப் போவார். ஒரே ஒரு பாடத்தை மட்டும் நீங்கள் படிக்க மறுத்தீர்கள். 'இப்படி இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேன்' என்று சொல்லும் வினை. பயிற்சியின் முதல் வாக்கியமே 'நான் போயிருப்பேன்' என்று இருந்தது. நீங்கள் அதைப் படித்தீர்கள். பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பிவிட்டீர்கள். "இது நமக்கு வேணாம் மே" என்றீர்கள். அந்த ஒரு முறைதான் உங்கள் குரலில் ஏமாற்றத்தைக் கேட்டேன். அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் உங்கள் கால்கள் வீங்கத் தொடங்கின. பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினீர்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மத்தியானம் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். உங்கள் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. நமக்குப் பிள்ளை இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நைனா" என்று உங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் பயந்தார்கள். "அழுதுடும்மா" என்று தோளை உலுக்கினார்கள். யார் என்ன கேட்டாலும் நான், "அவருக்கு இஞ்சி டீ தான் புடிக்கும், பால் காப்பி ஒத்துக்காது" என்று நீங்கள் வெளியே போயிருப்பதுபோலவே பேசிக்கொண்டிருந்தேன்.

காரியத்துக்கு முந்திய நாள் எஞ்சினியர் புதுச்சேரி சாரோடு வந்தார். அந்த உயரமான மனிதர் நம் வாசற்படியில் குனிந்து நுழைந்து பாயில் உட்கார்ந்தார். அத்தையைப் பார்த்து மெதுவாகப் பேசினார். சார் அதைத் தமிழில் சொன்னார். "நல்ல வேலைக்காரரு, நல்ல மனுஷருன்னு சொல்றாரும்மா. தொழிற்சாலையில எல்லாருக்கும் வருத்தமாம்." அத்தை தலையாட்டினார். வீடு நிறைய இருந்தவர்களுக்கும் அது போதுமாக இருந்தது.

எனக்கு அவர் சொன்னது நேராகவே கேட்டது. 'இல் திரவாயே.' வேலை செய்வார். 'இல் ரியே.' சிரிப்பார். 'இல் வெனே.' வருவார், காலையில் எல்லாருக்கும் முன்னால் வருவார். அவர் வாயிலிருந்து வந்த வினை ஒவ்வொன்றும் வழக்கத்தைச் சொல்லும் அந்த இறந்த காலத்தில்தான் இருந்தது. தமிழில் சொல்லியிருந்தால் நாளைக்கும் வருவார் என்று கேட்டிருப்பேன். பிரெஞ்சில் அப்படிக் கேட்க வழியில்லை. நீங்கள்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், குழப்பமே இல்லை என்று.

நான் வாய் திறந்தேன். "இல் அப்ரெனே" என்றேன். அவர் படித்துக்கொண்டிருந்தார். "அவெக் முவா." என்னோடு.

என் வாய் உங்களை அந்தக் காலத்தில் வைத்தது அதுதான் முதன்முறை. எஞ்சினியர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புதுச்சேரி சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தை என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவரு இன்னா சொன்னாரு, நீ இன்னா சொன்ன, எனக்கும் சொல்லுமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்ல எனக்குத் தமிழில் வார்த்தை இல்லை.

எஞ்சினியர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் பேசியதில், தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பிரான்சிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது, பதில் தட்டச்சு செய்வது. புதுச்சேரி சார் ஒரு அண்ணன் மாதிரி பக்கத்தில் இருந்து பழக்கினார். 'அனுப்பியிருந்தால் வந்து சேர்ந்திருக்கும்' என்பதுபோல் வாக்கியங்கள் எழுத வேண்டியிருந்தது. ஆகவே நீங்கள் திருப்பிவிட்ட பாடத்தை நான் தனியாகப் படித்தேன். கும்மிடிப்பூண்டியில் இன்னொரு ஆலை திறந்தபோது அங்கே மாற்றினார்கள். அங்கேயே ஓய்வு பெற்றேன். அத்தை கடைசி வரை என்னோடுதான் இருந்தார்.

இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது. ஷிப்டுக்குப் புறப்படும்போது 'வரேன்' என்பதையும் நீங்கள் பிரெஞ்சில்தான் சொல்வீர்கள். வருவேன் என்பதற்கு 'ஜு வியாந்த்ரே' என்பதே சரி. எதிர்காலத்தில் அந்த வினை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். நீங்கள் மற்ற வினைகளைப் போல 'வெனிர்' என்ற வேர்ச்சொல்லையே நேராக நீட்டி, 'ஜு வெனிரே' என்பீர்கள். சார் எத்தனையோ முறை திருத்தினார். வகுப்பில் சரியாகச் சொன்னீர்கள், தேர்விலும் சரியாகச் சொன்னீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் பழையபடி 'வெனிரே' தான். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று நீங்கள் அதைச் சொல்லவில்லை. நானும் கூட வந்ததால் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அலுவலகத்தில் தொலைபேசியில் பேசிய வருஷங்களில் நான் அந்த வினையில் ஒரு நாளும் பிழை செய்ததில்லை. வீட்டைப் பூட்டும்போது, உள்ளே யாரும் இல்லையென்று தெரிந்தும், கதவைப் பார்த்துச் சொல்வது உங்கள் பிழையைத்தான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சொல் அது. அதைத் திருத்திக்கொள்ள நான் முயன்றதே இல்லை.