மூன்று விரற்கடைத் தண்ணீர்

அன்பு மகனுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது.

நலம் என்று ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, விலாவில் மூன்று விரிசல், முன்பற்கள் இரண்டு பெட்ரோல் பங்க் தரையிலேயே தங்கிவிட்டன. பேசினால் காற்றுதான் போகிறது. உன் அம்மாவைக் கூப்பிட்டால் குக்கர் விசில் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். எழுதுகிற கை தப்பித்தது. பத்தாவதில் அந்தக் கையை வைத்து நான் எழுதிக் கிழித்தது உனக்கே தெரியும். அதனால் பிழை இருந்தால் அடித்தவர்கள்மேல் பழி போடாதே.

உன் போன் அணைந்தே கிடப்பதால் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று அவரிடம் கேட்கவில்லை. தெரிந்தால் மறைக்கிற சாமர்த்தியம் என் முகத்துக்குக் கிடையாது.

அன்றைக்கு நீ ஓடி வந்தது கடைசியில். அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுத வேண்டும்.

ஒரு வாரமாக மழை. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற அந்தப் பார்சல்காரர் தன் பழைய பைக்கை மூன்றாவது தடவையாக உன் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நீ டேங்க்கைத் திறந்து பார்த்து, தண்ணீர் என்றாய். எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்று கேட்டாய். அவர் எதிரே, நான் வேலை பார்க்கிற பங்க்கைக் காட்டினார். உடனே நீ, எங்கப்பா போன பிறவியில் பால்காரர், பழக்கம் போகவில்லை என்றாயாம். நல்ல ஜோக். அம்மா சொன்னபோது விலா வலிக்க நானும் சிரித்தேன். அங்கே காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். காலையில் நடுரோட்டில் தன் வண்டியும் நின்று போயிருந்த தொப்பிக்காரன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. சாலையைத் தாண்டி என்னிடம் வந்தபோது அவனோடு ஒன்பது பேர் இருந்தார்கள். பார்சல்காரர் கடைசியில் நின்றார்.

மேனேஜர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். படித்தவர். நானும் போயிருக்கலாம். ஆனால் எனக்கு வாத்தியார் ஆசை பிடித்தது. பழைய பெட்ரோல் காலத்தில் நாங்கள் செய்த சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து, ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், ஊற்றிய தண்ணீர் மட்டும் அடியில் இறங்கி நிற்கும். கூடாது, குறையாது. பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள். அதைத்தான் செய்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று பாட்டிலை உயரத் தூக்கியும் பிடித்தேன்.

ஒரு விரற்கடை ஊற்றினேன். மூன்று விரற்கடை இறங்கியது.

இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது அல்லவா? தண்ணீரைக் கண்டதும் அது பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பார்க்கிறவனுக்கு அத்தனையும் தண்ணீராகத்தான் தெரியும். இந்தச் சோதனையை இனிமேல் யார் முன்னாலும் செய்யாதீர்கள் என்று கம்பெனி ஆள் வந்து வகுப்பு எடுத்தாராம். அந்த நேரம் நான் டீ குடிக்கப் போயிருந்தேன். உன் அப்பாவைப் போல ஒருவன் செய்யாத குற்றத்துக்குத் தானே சாட்சி தயாரித்துத் தூக்கிக் காட்டி நீ பார்த்திருக்க மாட்டாய்.

முதல் அடி பெட்ரோல் பிடிக்கிற நாசிலால் விழுந்தது. அந்த இரும்பு மூக்கு எவ்வளவு கனம் என்று இத்தனை வருஷம் பிடித்தும் எனக்குத் தெரியாது, பற்களுக்குத் தெரிந்துவிட்டது. விழுந்தவனை மிதித்தார்கள். கையைத் தூக்கித் தடுத்தேன், கல்லை வைத்து அதன்மேல் குத்தினார்கள். முறிந்த சத்தம் எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. அப்புறம் தொப்பிக்காரன் அந்தப் பாட்டிலை என் தலையில் கவிழ்த்தான். போதாதென்று நாசிலை என் சட்டைக்குள் விட்டு அழுத்தினான். கழுத்தும் நெஞ்சும் இன்னும் தோல் உரிகிறது. எல்லாம் முடித்து நிதானமாக லைட்டரை எடுத்தான்.

“பெட்ரோல்தானே, தண்ணி இல்லையே? அப்ப எரியணும்ல. பாப்போம்,” என்றான்.

சிலர் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் முன்னால் வந்தார். பார்சல்காரர். தொப்பிக்காரனின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். இரண்டு பேரும் என்மேலேயே இடறினார்கள். லைட்டர் பார்சல்காரர் கைக்கு வந்தது. அதை இறுக்கிப் பொத்திக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார்.

அப்போதுதான் நீ வீல் ஸ்பேனரோடு வந்தாய்.

நீ பார்த்தது என்ன என்று எனக்குப் புரிகிறது. தலையிலிருந்து கால்வரை பெட்ரோலில் நனைந்த அப்பா. பக்கத்தில் கையில் லைட்டரோடு ஒரு ஆள். உன் இடத்தில் நான் இருந்தாலும் அடித்திருப்பேன். முதல் அடியில் அவர் தாடை போயிற்று. இரண்டாவதை நீ மண்டையில் போட்டாய். நான் கத்தினேன், ஆனால் பல் இல்லாத வாயில் காற்றுதான் வந்தது. அவர் என்மேல் விழுந்தார். அவர் ரத்தம் என் வாய்க்குள் போனது. எல்லாரும் ஓடினார்கள். நீயும் ஓடினாய்.

கம்பெனிக்காரர்கள் பங்க்கின் நிலத்தடி டேங்க்கைச் சோதித்துவிட்டார்கள். துளித் தண்ணீர் இல்லை. பார்சல்காரர் பைக்கின் பெட்ரோல் மூடி ரப்பர்தான் ஊறி வெடித்திருக்கிறது. மழை அதன் வழியாக இறங்கியிருக்கிறது. தொப்பிக்காரன் வண்டி ஏன் நின்றது என்று யாரும் திறந்தே பார்க்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் நாம் போடுகிற சண்டைதான். பழைய வண்டியின் ரப்பரை இந்த எத்தனால் தின்கிறது, மைலேஜைக் குறைக்கிறது என்பாய் நீ. யூனிபார்ம் போட்ட பாவத்துக்கு நான், புகை குறைகிறது, இன்ஜின் டக்டக்கென்று தட்டாமல் ஓடுகிறது, கரும்பு போட்டவனும் பிழைக்கிறான் என்பேன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ரப்பரைப் பார்த்துவிட்டுப் பேசியிருந்தால் போதும். நான் டீ குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

பார்சல்காரர் என் கட்டிலிலிருந்து மூன்றாவது கட்டில். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. கணுக்காலில் விலங்கு மாட்டிக் கட்டிலோடு சேர்த்திருக்கிறார்கள். என்னை எரிக்கப் பார்த்தார் என்று வழக்கு. லைட்டரை அவர் கைக்குள்ளிருந்துதானே எடுத்தார்கள். அவர் மனைவி ஸ்பூனால் கஞ்சி விட்டுக்கொண்டே இருக்கிறாள், என் பக்கம் திரும்புவதே இல்லை.

மாமா பிடித்த வக்கீல் வந்தார். உங்கள் பையன் அதிர்ஷ்டக்காரன், அப்பாவைக் காப்பாற்ற அடித்தான் என்று முடிந்துவிடும், நீங்கள் வேறெதுவும் சொல்லாமல் இருந்தால் போதும் என்றார். உன் அம்மா என் காலைப் பிடித்துவிட்டபடி, “உங்க கண்ணுலதான் பெட்ரோல் விழுந்துச்சே, என்ன தெரிஞ்சிருக்கும்?” என்றாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். ஒரு கண்ணில்தான் விழுந்தது. இன்னொன்று நன்றாகத் திறந்திருந்தது.

இன்று காலை பார்சல்காரர் விழித்து என்னைப் பார்த்தார். என் தலையைக் காட்டி விரல்களை மெல்ல அசைத்தார். நெருப்புப் பிடித்ததா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

நாளை மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலம் எழுத வருகிறார். பார்த்ததைச் சொல்லப் போகிறேன். நீ என்னைக் காப்பாற்றத்தான் ஓடி வந்தாய், அதையும் சொல்வேன். பார்சல்காரரும் அதற்குத்தான் வந்தார்.

அதற்கு முன்னால் வந்துவிடு, கண்ணா. ரத்தம் பட்ட அந்தச் சட்டையை மாற்றிக்கொண்டு வா, அம்மா பார்க்க வேண்டாம். வந்ததும் முதலில் மூன்றாவது கட்டிலுக்குப் போ. அப்புறம் என்னிடம் வா. நான் பேசினால் காற்றுதான் போகிறது, இன்ஸ்பெக்டருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. சின்ன வயதிலிருந்து நான் முணுமுணுப்பது உனக்குத்தான் புரியும். எழுதியும் கொடுக்கலாம்தான், ஆனால் நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று நீதான் இன்ஸ்பெக்டருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசல் கதவைப் பார்த்தபடி படுத்திருக்கும்
உன் அப்பா