செல்வி கட்டும் பட்டை

ஐப்பசி 14, வெள்ளி

இன்றைக்கும் அவர், "செல்வி வரட்டும்" என்றுதான் சொன்னார். செல்வி அவருடைய தங்கை. வில்பட்டியிலிருந்து லாட்ஜ் வேலைக்குப் போகிற வழியில் வெள்ளனே வந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டையை அவர் கையில் கட்டி மெஷினைப் போடுகிறாள். ஐந்து நிமிடம் இறுக்கும், ஐந்து நிமிடம் தளரும். இப்படி நாலு தடவை. இவரைப் போல மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்கு இதனால் குணம் தெரியுமா என்று டாக்டர்களே இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் போட்டால், கை நிறம் மாறி அவர் முகம் சுளித்ததுமே மனசு கேட்காமல் நிறுத்திவிடுவேன். அவள் நிறுத்துவதில்லை.

"சும்மா கெட, அண்ணே. இன்னும் ரெண்டு நிமிசந்தான்" என்று அதட்டுகிறாள். அவர் சிரிக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை.

"பாவம் பாத்தா ஆகுமா, மதினி?" என்று போகும்போது கேட்டாள். கேரட்டை நறுக்கிக்கொண்டே இருந்தேன். ராத்திரியெல்லாம் புரட்டிப் படுக்க வைப்பது நான். நம்பிக்கை அவள் மேல்.

அவர் தூங்கியதும் பட்டையை என் இடது கையில் கட்டிப் பார்த்தேன். கடுத்தது, பிறகு மரத்துப்போனது. ஐந்து நிமிடமும் நிறுத்தவில்லை.

நாளைக்கு அவள் பஸ் வருவதற்குள் நானே கட்டிவிடுவேன். அவர் முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது.