பட்டறைக்கு வந்த சீனத்துச் சாமி

மாப்ளே,

நீ நம் பட்டறை ஆபீஸ் சுவரில் மாட்டிய சீனப் படத்தை இன்று காலை தூசி தட்ட இறக்கினேன். மை இன்னும் கறுகறுவென்றுதான் இருக்கிறது. உருட்டி விழிக்கும் கண், சிலிர்த்து நிற்கும் தாடி, கையில் வாள், காலடியில் ஒரு குட்டிப் பேய். நெற்றியில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை.

மிஷின் வாங்கச் சீனா போனவன், இந்தச் சுருளையும் கொண்டுவந்தாய். "பேயோட்டுறவன், பேரு ஜோங் குவெய். பரீட்சையில மொத ஆளா வந்தும் மூஞ்சி நல்லா இல்லீன்னு ராஜா வெரட்டி உட்டுட்டான். அந்த ரோசத்துல அரமனைப் படியிலயே தலைய மோதிச் செத்துப்போட்டான்" என்றாய். பிறகு ஒரு ராஜா காய்ச்சலில் கிடந்தபோது, அவர் கனவில் வந்து பேயைப் பிடித்தவனும் இவன்தானாம். "வெரட்டுன அரமனைக்கே காவலா? மானங்கெட்டவன்" என்று நான் சிரித்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நம் ஆட்கள் லேத் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, இவனை முனியப்பன் என்று நினைத்து நெற்றியில் சந்தனத்தை அப்பி, மாலையும் போட்டுவிட்டார்கள். காகிதம் ஊறிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயோ அவர்களுக்குப் பொரியை அள்ளிக் கொடுத்தபடி, "உடு மாப்ளே. அங்க மூஞ்சியப் பாத்து வெரட்டுனாங்க. நம்மாளுங்க அதே மூஞ்சிக்குப் பொட்டு வெச்சுக் கும்புடறாங்க" என்றாய்.

நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு முகவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கிறது. நம் கணபதி ஏரியாவில் யார் கண்ணிலும் படாமல் பட்டறைக்குப் பின்கதவு வழியாகத்தான் போய் வருகிறேன். அடுத்த வாரம் காரமடையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை அழைக்கும் வேலையைத் தம்பி தலையில் கட்டியிருந்தேன். நேற்று மகள் கேட்டாள்: "ஏனுங்கப்பா, எனக்கு அப்பா இல்லைன்னு அவங்க நெனச்சுக்க மாட்டாங்களா?"

இன்று படத்தைத் திரும்ப மாட்டிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன். "வாசல்ல நானே நின்னுக்கறேன்" என்றேன். "சரிங்கண்ணா" என்றான்.

நீ இருந்திருந்தால் பக்கத்தில் நின்று என்னைக் கிண்டல் செய்தே வருகிறவர்களைச் சிரிக்க வைத்திருப்பாய். அந்த இடம் காலியாக இருப்பது வலிக்கத்தான் செய்யும். அன்று நீ பொரி கொடுத்துக்கொண்டே சொன்ன வார்த்தை என்னிடம் இருக்கிறது, அது போதும். கோணல் வாயோடுதான் எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிடப் போகிறேன். என் மகளுக்கு அப்பன் இருக்கிறான், வருகிறவர்கள் பார்க்கட்டும்.