சம்பளத்துக்குப் பதில் பட்டு

ஜூன் 9, திங்கள்
இன்று மூன்று பேரும் சம்பளம் கேட்டுவிட்டார்கள். தினேஷ்தான் ஆரம்பித்தான். "அக்கா, எங்கம்மா கேட்டுக்கினே இருக்குது, காலேஜ் விட்டதும் அங்க போய் என்னடா கிழிக்கறேன்னு." ஜோதிகா மின்விசிறியைப் பார்த்தாள். அபினவ் தலையைத் தூக்கவில்லை. ஆனால் டைப் அடிப்பதை நிறுத்தினான்.

சென்னை வேலையை உதறிவிட்டு வந்து, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் கம்பெனி போர்டு மாட்டியிருக்கிறேன். கல்யாண வீட்டார் புரோக்கர் கையில் சிக்காமல், நெசவாளர் வீட்டுப் புடவையை வீடியோ காலில் நேராகப் பார்த்து வாங்க ஒரு ஆப். ஆட்கள், மூன்று மாணவர்கள். முதலீடு, என் வாய்.

ஜூன் 10
"கம்பெனியில் பங்கு தரேன்" என்றேன்.
"எதுல பங்கு?" என்றாள் ஜோதிகா.
வாய்க்கொழுப்பு. காபி போடுகிறேன் என்று கீழே நழுவினேன்.

ஜூன் 12
அப்பாவின் பீரோவில் விற்காத பட்டுப்புடவை மூன்று இருந்தது. சம்பளத்துக்குப் பதில் ஆளுக்கொன்று! கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிட்டேன். அப்பா தறிக்காரர், பேச்சும் இழுத்துக் கட்டினாற்போல்தான் இருக்கும். "எடுத்துக்கோ. ஆடி முடியறதுக்குள்ள உன் ஆப்பு ஒரே ஒரு பொடவையாவது விக்கட்டும். இல்லன்னா பொட்டியக் கட்டிக்கினு பழைய வேலைக்கே கெளம்பு."

இரண்டு புடவை சாதா பார்டர். ஒன்று கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்தது. விலை எங்கேயோ. அதை அபினவுக்குக் கொடுத்தேன். சென்னைக் கம்பெனி ஒன்று அவன்மேல் கண் வைத்திருக்கிறது. ஆப்பை எழுதுவதே அவன்தான். அவன் போனால் ஆப்பும் போச்சு. மூவரிடமும் "எல்லாம் ஒரே விலைதான்" என்று தேன் ஒழுகச் சொன்னேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததால் யாரும் பிரிக்கவில்லை. என்ன மூளை எனக்கு!

ஜூன் 16
மூளை இல்லை. களிமண்.

அபினவ் பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "தப்பா நெனச்சுக்காதக்கா. நாங்க ஜெயின். அம்மா பட்டு கட்ட மாட்டாங்க. புழுவைக் கொதிக்க வெச்சு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான், பாவம். அவன் ஜெயின் என்று எனக்குத் தெரியும். வெங்காய பஜ்ஜியை ஒதுக்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டை வேண்டாம் என்று ஒருவர் சொல்வார் என்பது, பட்டில் சோறு தின்று வளர்ந்த என் புத்திக்கு எட்டவே இல்லையே!

அதற்குள் ஜோதிகா பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். விரலை வைத்தவுடனே, "அக்கா, இது கோர்வை."
"அப்ப நம்முளுது?" என்றான் தினேஷ்.
"சாதா."

சம்பள வித்தியாசத்தைப் புடவையில் ஒளித்து வைக்க எனக்கு இந்த ஊர்தானா கிடைத்தது? இங்கே பால்காரர்கூடத் தொட்டுப் பார்த்து விலை சொல்வார்.

ஜூன் 17
தினேஷும் ஜோதிகாவும் வரவில்லை.

ஜூன் 18
தினேஷின் அம்மா கமலாட்சி வந்தார். நான் கொடுத்த புடவையையே கட்டிக்கொண்டு வந்து என்னைத் திட்டினார். "எனக்கு எதுக்கும்மா கோர்வை? வேணும்னா நானே தறியில போட்டுக்குவேன். எல்லாம் ஒண்ணுன்னு பொய் சொன்ன பாரு, அதான் ஆறல. என் புள்ள மட்டம்னா மட்டம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு புவனேஸ்வரி."

பிறகு காபி குடித்தார். சர்க்கரை பத்தவில்லை என்றார். போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது.

ஜூன் 20
அபினவின் அம்மா திரிசலாவிடம் மன்னிப்புக் கேட்க, பஸ் ஏறி அவர்கள் ஊரான முசரவாக்கம் போனேன். மோர் கொடுத்தார். "பட்ட பத்தி வருத்தமில்லம்மா, தெரியாம செஞ்ச. ஆனா நாங்க பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். புள்ள உன் ஆபீஸ்லேந்து எட்டு மணிக்கு மேல வரான். தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கறான். ஏன்டான்னா மீட்டிங்குன்றான்."

ஐயோ. இருட்டிய பிறகு பஜ்ஜி வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு குடும்பமாக உழைப்போம் என்று லெக்சர் அடித்தேனே. நான் தின்னேன். அந்தப் புள்ள பட்டினி கெடந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லலையே, படுபாவி! பஸ்ஸில் அழுதுவிட்டேன். கண்டக்டர் டிக்கெட்டை என் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

ஜூன் 23
நேற்றெல்லாம் எனக்குள் ஒரே சண்டை. நான்தானே ஆரம்பிச்சேன்? எனக்குக் கொஞ்சம் அதிகப் பங்கு வேண்டாமா? வேலையை விட்டவள் யார்? நான். பொய் சொன்னவள்? அதுவும் நான்.

மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாலு பேருக்கும் சம பங்கு, எழுத்தில். பொழுது சாய்வதற்கு முன்பே ஆபீஸ் மூடப்படும்.
"உனக்கும் எங்களுக்கும் ஒண்ணாக்கா?" என்றான் தினேஷ்.
"ஒண்ணுதான். இந்தத் தடவ நெஜம்."
"எதுல பங்கு?" ஜோதிகா விடுவாளா?
"விக்கப்போற மொத பொடவைலேந்து."

ஆகஸ்ட் 14, வியாழன்
ஆடி முடியப்போகிறது. இதுவரை விற்றது பூஜ்யம். இன்று மாலை சேலத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வீடியோவில் வந்தார். அந்தக் கோர்வையைத்தான் கேட்டார். ஜோதிகா தோளில் போட்டுக் காட்டினாள், மடித்துக் காட்டினாள், முந்தியை விரித்தாள். படம் அடிக்கடி நின்றது. நின்றபோதெல்லாம் அபினவ் சரிசெய்தான். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"அம்மா, எங்க ஆபீஸ் மூடற நேரம். நாளைக்குக் காலையில பகல் வெளிச்சத்துல காட்டறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

வாசற்படியில் நின்ற அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "யாவாரம் பண்ற மூஞ்சியாடி இது?"

ஆகஸ்ட் 15
காலையிலேயே அந்த அம்மா கூப்பிட்டார். "பகல்ல பாருன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா. மத்தவங்க எல்லாம் லைட்டப் போட்டுத்தான் காட்டுவாங்க" என்றார். வாங்கிவிட்டார்! அப்பா கீழே போய், தறியிலிருந்து புதிதாக இறக்கிய இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். வந்த பணத்தில் அப்பாவின் விலை போக மீதியை நாலாகப் பிரித்தோம். ஆளுக்கு ஒரு பிரியாணிக்கு வரும். அபினவுக்குத் தயிர் சாதம்.

செப்டம்பர் 3
சென்னைக் கம்பெனி அபினவைத் தேர்ந்தெடுத்துவிட்டதாம். அந்தச் சம்பளத்தைக் கேட்டதும், அந்த வேலைக்கு நானே போய்விடலாமா என்று தோன்றியது. வாழ்த்துகள் என்றேன்.

"போகலக்கா" என்றான். "இன்டர்வியூல, பொழுது சாயறதுக்குள்ள விட்டுடுவீங்களான்னு கேட்டேன். ஜோக்குன்னு நெனச்சு எல்லாரும் சிரிச்சாங்க."

ஜன்னலைப் பார்த்தேன். லேப்டாப்பை நானே மூடினேன்.

"கெளம்புடா, சோறு ஆறிடப் போவுது."